காகிதம் கரைந்த பிறகு

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையை விட்டுப் பிரிந்து, செம்பனைக்குள் நுழையும் ஒரு செம்மண் பாதை. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. பாதையோரம் முப்பது நாற்பது கார்கள் வரிசையாக நிற்கின்றன. காரின் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டு, ஆளாளுக்கு முழங்கால் வரை காலுறையை இழுத்துவிடுகிறார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீனர்கள், மலாய் ஆசிரியை ஒருவர், பஞ்சாபிக் கணவனும் மனைவியும், நம்மவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களின் பிள்ளைகள்.

என் பெரியம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்.

“இவ்வளவு பேரும் காசு கட்டியா தோட்டத்துக்குள்ள போறாங்க?”

“ஆமா பெரியம்மா.”

“நாங்க போனப்ப எங்களுக்குல்ல காசு குடுத்தாங்க. கொஞ்சமாத்தான் குடுத்தாங்க, ஆனாலும் குடுத்தாங்க.”

பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பதினாலு வயதில் காண்டா வாளியைத் தூக்கியவர், தொண்ணூறுகளில் தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றும்வரை பால்மரம் வெட்டினார். இப்போது ஈப்போ புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் கோலாலம்பூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவள். விடுமுறைக்கு வந்த இடத்தில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ‘ஹேஷ்’ ஓட்டத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று பெரியம்மாவும் காரில் ஏறிவிட்டார்.

ஹேஷ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒருவர் முயல், மற்றவர்கள் வேட்டை நாய்கள். முயலாக இருப்பவர் முன்கூட்டியே காட்டுக்குள் போய், துண்டு துண்டாக நறுக்கிய காகிதத்தைச் சில அடிக்கு ஒரு பிடி போட்டு ஒரு தடம் அமைத்துவிட்டு வந்திருப்பார். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தடத்தைக் கண்டுபிடித்து ஓடித் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதானா என்றால், இல்லை. முயல் குறும்புக்காரர். ஓரிடத்தில் தடம் பொசுக்கென்று நின்றுவிடும். அதற்குப் பெயர் ‘செக்’. அடுத்த காகிதம் அங்கிருந்து எந்தத் திசையில் வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாரும் நாலாபக்கமும் சிதறித் தேடுவார்கள். கண்டுபிடித்தவர் “ஆன் ஆன்!” என்று கத்துவார். சில தடங்கள் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய்ப் பொய்யாக முடிந்துவிடும், மறுபடி திரும்ப வேண்டும். வேகமாக ஓடுகிறவர்கள் பொய்த்தடத்தில் அலைந்து கால் ஓய்வதற்குள் பின்னால் தொப்பையோடு வருகிறவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். இது போட்டியே இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். முதல் செக்கில் அவர்கள் ஒருவரையொருவர் முந்துவதைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் இன்று ஹேஷ் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் இது பிறந்தது நம் நாட்டில்தான், ரப்பர் தோட்டத்தை நம்பித்தான். 1938 டிசம்பரில் கோலாலம்பூரில் ஏ. எஸ். கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயக் கணக்காளரும் அவருடைய நண்பர்களும் தொடங்கினார்கள். (கணக்காளர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஆடிவந்த காகிதத்தட ஓட்டத்தைத்தான் அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். சிலாங்கூர் கிளப்பைச் சேர்ந்த விடுதியில் கல்யாணமாகாத வெள்ளைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். அங்கே போட்ட சாப்பாடு தினமும் ஒரே மாதிரி இருந்ததால் அந்த விடுதிக்கு ‘ஹேஷ் ஹவுஸ்’ என்று கேலிப்பெயர். அதுவே ஓட்டத்துக்கும் பெயராகிவிட்டது. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு, அங்கு நடந்த சண்டையில் செத்துப்போனார். போர் முடிந்து 1946ல் மிஞ்சிய நண்பர்கள் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையை நான் காரில் சொல்லிக்கொண்டு வந்தபோது பெரியம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“துரைமாருங்க சாயங்காலம் ஓடினாங்க, சரி. அந்தக் காட்டுல காலைல யாரு இருந்தா?”

காலையில் யார் இருந்தார்கள் என்று ஹேஷ் வரலாற்றில் எழுதியிருக்காது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து நானூறு ஐந்நூறு மரம் வெட்டியவர்கள் நம் ஆட்கள். வெயில் ஏறினால் பால் வராது, அதனால் இருட்டிலேயே வழி தெரிந்தாக வேண்டும். அவர்களுக்கு யாரும் காகிதம் போட்டு வைக்கவில்லை.

பேராக்கில் அந்த வழி ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாகவும் இருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்து அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர் என்ற நிர்வாகியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் அதே காலையில் மேலும் இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. முடிய 1960 ஆனது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது, ஊரடங்கு வந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். பெரியம்மாவின் அம்மா அந்தச் சோதனையைத் தாண்டி வெறும் வயிற்றோடு போய் வெட்டியவர். “இந்தப் பக்கத்து ஆளு வந்தாலும் பயம், அந்தப் பக்கத்து ஆளு வந்தாலும் பயம். மரத்துக்கிட்ட மட்டும்தான் பயமில்லன்னு ஆத்தா சொல்லும்.”

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. பள்ளிச் சாரணர் முகாமில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்து ‘ஓரியன்டீரிங்’ ஆடியிருக்கிறான், அந்தத் தைரியத்தில் இருந்தான். அதுவும் நல்ல விளையாட்டுதான். ராணுவப் பயிற்சியாக இருந்ததை எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சாரணர் தலைவர் 1919ல் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் பெரிய போட்டியாக நடத்தி, சுவீடன் முழுக்கப் பரப்பினார். அந்த வரைபடத்தில் ஓட வசதியான காடு வெள்ளை நிறம், அடர அடரப் பச்சை கூடிக்கொண்டே போகும், சதுப்பு நீலக் கோடு, மேடு பள்ளம் பழுப்புக் கோடு. நம்மூர்க் காட்டை அப்படி வரைந்தால் பச்சை மையைத்தான் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கும். ஹேஷில் வரைபடமே கிடையாது. “அப்ப எப்படி சித்தி வழி தெரியும்?” என்றான்.

பதில் பெரியம்மாவிடமிருந்து வந்தது. “வழி தப்புனா அல்லூரப் புடி. அல்லூரு பெரிய கால்வாய்ல சேரும், கால்வாய் ஆத்துல சேரும். நடுவுல எங்கயாச்சும் ரோடு அதத் தாண்டித்தானே ஆகணும்?” அவன் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஊதல் சத்தம் கேட்டது, கிளம்பிவிட்டோம்.

முதல் இரண்டு கிலோமீட்டர் செம்பனை. செம்பனைக்குள் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி. முக்கோணக் கணக்கில் நட்டிருப்பதால் ஆறு திசையிலும் வரிசை தெரியும், ஆறும் ஒன்றுபோல் இருக்கும். வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அடுக்கியிருப்பார்கள். மட்டை இல்லாத வரிசைதான் குலை தூக்கும் வழி, அது எப்படியும் லாரிப் பாதையில் போய் முடியும். காகிதம் அந்த வழியிலேயே போனதால் சிரமமில்லை.

அதன் பிறகு ஒரு பழைய ஈயக் குட்டை. கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணைக் கழுவி ஈயம் எடுத்த காலத்தில் விட்டுப்போன குட்டைகள் எண்ணிக்கையில் அடங்காது. ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் கழுவிய சேறு தேங்கிய சதுப்பு. மேலே காய்ந்து வெடித்து, கெட்டியான தரை மாதிரித் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். முயல் நல்ல மனிதர், மணல் பக்கமாகவே தடம் போட்டிருந்தார். தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள், குட்டையில் அவற்றின் நிழல், ஒற்றைக் கால் கொக்குகள். அந்த இடத்தில் நின்று பார்க்காமல் ஓடினால் அது ஓட்டத்துக்குத்தான் நஷ்டம். நாங்கள் நின்று பார்த்தோம். அதில் கூட்டத்தின் பின்பகுதிக்கு வந்துவிட்டோம்.

அடுத்தது ரப்பர் குன்று. வெட்டுவதை நிறுத்திப் பல வருடமாகி, கீழே பெரணியும் முள்ளும் மண்டி, ஆளுயரத்துக்குச் செடி. ஓரிடத்தில் நின்று பார்த்தால் வெறும் காடு. இரண்டடி தள்ளி நின்றால் மரங்கள் திடீரென்று வரிசைக்கு வந்துவிடும். பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு, ஒன்றிரண்டு மரங்களில் துருப்பிடித்த கம்பியில் இன்னும் தொங்கும் மங்கு. குன்றின் உச்சியில் ஒரு செக். முன்னால் போனவர்கள் எங்கோ கீழே கத்துவது கேட்டது.

தவறு என்னுடையது. காகிதத்தைத் தேடாமல், குரல் வரும் திசையில் குறுக்கே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பையன் முகம் தொங்கிப்போயிருந்தது, கடைசியாகப் போய்ச் சேர வேண்டாமே என்று ஓர் ஆசை. பாதிச் சரிவில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மழைக்கு முன்னுரை கிடையாது. குரல் கேட்கவில்லை. திரும்ப ஏறி செக்கைத் தேடினால், அங்கே காகிதம் கஞ்சியாகக் கரைந்து இலையோடு ஒட்டிக் கிடந்தது. எது தடம், எது எங்கள் கால் பட்ட இடம் என்று தெரியவில்லை. கைப்பேசி நனைந்துவிடும் என்று காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆறரை மணி. நவம்பரில் ஈப்போவில் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கு முன்பே.

“பாட்டி அல்லூரப் புடிக்கச் சொன்னாங்க” என்றான் பையன். அவன் பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது.

குன்றின் அடியில் அல்லூர் இருந்தது. மழைத் தண்ணீர் பெருகி வேகமாக ஓடியது. கரையோடு நடந்தோம். பத்து நிமிடத்தில் அது எங்கள் கண் முன்னாலேயே காணாமல் போனது. குட்டைப் பக்கத்துச் சதுப்புக்குள் தண்ணீர் பரவிக் கோரைப் புல்லுக்குள் மறைந்துவிட்டது. பெரியம்மா தோட்டத்தில் ஈயக்குட்டை கிடையாது, அவர் கணக்கு அங்கே சரி. இங்கே அல்லூருக்கும் சாலைக்கும் நடுவில் வேறு யாரோ மண்ணைத் தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோரைக்குள் ஓரடி வைத்துப் பார்த்தேன். சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. பையன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். சப்பாத்தைக் கையால் தோண்டி எடுத்தேன். அந்த இரண்டு நிமிடம் நான் அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

திரும்பக் குன்றுக்கே வந்தோம். அப்போதுதான் காலுக்குக் கீழே இருப்பதைக் கவனித்தேன். சரிவில் வரிசையாகப் படி வெட்டியிருந்தது. மலைத் தோட்டங்களில் மண் அரிக்காமலிருக்க ஒரே உயரத்தில் குன்றைச் சுற்றி வெட்டுவார்களே, அந்தப் படி. பையனின் வரைபடத்தில் பழுப்புக் கோடாக இருப்பதை இங்கே மண்வெட்டியால் தரையிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நடந்தால் ஏறவும் மாட்டோம், சேற்றில் இறங்கவும் மாட்டோம், குன்றின் மறுபக்கம் போய்ச் சேருவோம். பால் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் இந்தப் படியில்தானே நடந்திருப்பார்கள், அது பால் நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது கொண்டுபோய் விடாதா?

கையால் முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தோம். மழை குறைந்தது, வெளிச்சமும் குறைந்தது. குன்றைப் பாதி சுற்றியதும் பையன் நின்றான். “சித்தி, அது ரப்பர் மரமில்ல.”

மாமரம். பெரிய, கிளை பரப்பிய மாமரம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி ஒரு பலா, ஒல்லியாக வளைந்த இரண்டு தென்னை. காட்டில் யாரும் மாமரத்தை வரிசையாக நட மாட்டார்கள். செடியை விலக்கியதும் சிமெண்டுத் தரை தட்டுப்பட்டது, அதன் ஓரத்தில் கல்லுக்கட்டிய சின்ன வாய்க்கால். லயம்! வீடுகள் இல்லை, பலகையில்லை, தகரமில்லை. கொல்லையில் நட்ட மரங்கள் மட்டும் அவரவர் வாசலை இன்னும் அடையாளம் காட்டிக்கொண்டு நின்றன.

அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. சின்ன வயதில் நானும் பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்குப் போனவள்தானே. லயம் இருந்தால் முன்னால் ஒரு பாதை இருக்கும். பாதையின் ஒரு முனையில் கோயில், இன்னொரு பக்கம் ஆயாக் கொட்டகை, அலுவலகம், பெரட்டுத் திடல். பங்களா மட்டும் தனியாக மேட்டில் இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் பெயர்தான் மாறும், அமைப்பு அநேகமாக இதுதான். புல் மூடிய செம்மண் தடத்தில் நடந்தோம். ஓர் அரசமரத்தடியில் துருவேறிய சூலம் ஒன்று, அதில் பழசாகாத எலுமிச்சம்பழம். யாரோ இன்னும் வந்து போகிறார்கள். அங்கிருந்து மோட்டார் சைக்கிள் தடம் தெளிவாக இருந்தது. கால்மணி நேரத்தில் செம்பனை, லாரிப் பாதை, தூரத்தில் கார் விளக்குகள். முயலும் இன்னும் இரண்டு பேரும் கைவிளக்கோடு எங்களைத் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். பையனின் காலில் நாலு அட்டை. திட்டவில்லை, உப்பு கேட்டு வாங்கினார். பிறகு முயலாக இருந்த சீனப் பெரியவரிடம் மலாயில், மழை மாதத்தில் காகிதத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று விசாரித்தார். அந்த மனிதர் உண்மையிலேயே தலை குனிந்தார். தடத்தை விட்டுக் குறுக்கே போனது நான்தான் என்று நான் சொன்ன பிறகு பெரியம்மா என் பக்கம் திரும்பினார், அதை இங்கே எழுத வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் வட்டமாக நின்று குற்றவாளிகளுக்குத் தண்டனை கொடுப்பது ஹேஷ் சம்பிரதாயம். பீர் உண்டு, குடிக்காதவர்களுக்கு ஹண்ட்ரட் பிளஸ் உண்டு. தடம் மாறிய குற்றத்துக்கு என்னை ஐஸ் கட்டி மேல் உட்கார வைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் குழு என்பதால் பாட்டும் கிண்டலும் அளவோடு இருந்தன. ஆண்கள் மட்டும் ஓடும் குழுக்களும் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நீளக் காலுறை, ஊதல், கைவிளக்கு மூன்றும் கட்டாயம். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முன்னால் போகிறவர் கண்ணில் படாவிட்டால் நின்ற இடத்தில் ஊதுங்கள், என்னைப் போல் குறுக்கே போகாதீர்கள்.

வீடு திரும்பும் வழியில், புந்தோங்கில் வாங்கி வைத்திருந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பெரியம்மா விவரம் கேட்டார். மாமரம் எத்தனை, தென்னைக்கும் தரைக்கும் எவ்வளவு தூரம், வாய்க்கால் முன்னாலா பின்னாலா.

“மாமரத்தப் பாத்தா லயம்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஊதிப்புட்டான்” என்றார்.

மறுநாள் காலை அவரே கிளம்பச் சொன்னார். போகிற வழியில் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தமிழ்நாட்டிலிருந்து கொத்தனார்களையும் செங்கல்லையும் தருவித்துக் கட்டிக்கொண்டிருந்து, 1926ல் லிஸ்பனில் செத்துப்போனதால் பாதியில் நின்ற அரண்மனை. சுற்றுலாப் பேருந்துகள் நின்றிருந்தன. பெரியம்மா மாளிகையில் இறங்கவில்லை. பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலில்தான் இறங்கினார். காய்ச்சலில் ஆட்கள் செத்து விழுந்தபோது தொழிலாளர்கள் கேட்டு, கெல்லி கட்டிக்கொடுத்த கோயில் என்பார்கள். சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரும் மேலே நிற்கிறார். பையன் அவரைப் படம் எடுத்தான்.

பிறகு செம்மண் பாதை, அரசமரம், சூலம். பகலில் பத்தே நிமிட நடை. முந்தின நாள் இதற்கா அவ்வளவு பயந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியம்மா கைத்தடியால் புல்லை விலக்கி, சிமெண்டுத் தரையை அளப்பதுபோல் நடந்தார். இது அவர் இருந்த தோட்டம் இல்லை. ஆனாலும் “இங்க அடுப்பு. இங்க குளிக்கிற எடம்” என்று சொல்லிக்கொண்டே போனார். மாமரத்தில் காய் இல்லை, சிவப்பு எறும்புக் கூடுதான் இருந்தது. கடைசி வீட்டின் பின்னால், வேரிலிருந்து வெடித்து வெடித்துக் காடாகப் பரவியிருந்தது கறிவேப்பிலை. பையனை விட்டு நாலு கொத்து ஒடிக்கச் சொன்னார். கூடவே வேரோடு ஒரு கன்றையும் பிடுங்கச் சொல்லி, என் தண்ணீர்ப் புட்டியிலிருந்து அதன் மேல் கொஞ்சம் தெளித்து, காரில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.